உதவித்தொகை அல்ல, கூலி பாக்கி

ஓய்வூதியம் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. உதவித்தொகை என்று இன்னொரு சொல் இருக்கிறது. முதல் சொல்லுக்குள் 'ஊதியம்' இருக்கிறது, அதாவது உழைத்ததற்கான கூலி. இரண்டாவது சொல்லுக்குள் இருப்பது 'உதவி'. கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவள் கை கீழே. வாழ்நாள் முழுக்க உழைத்து வயசான இரண்டு பேருக்கு ஒரே அரசாங்கம் பணம் கொடுக்கிறது. ஒருத்தருக்குக் கொடுப்பது ஊதியமாம், இன்னொருத்தருக்குக் கொடுப்பது உதவியாம். நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இந்தப் பாகுபாட்டுக்குச் சூத்திரம் கிடையாது. அது மனுவிடம்தான் இருக்கிறது.

கம்மாபுரம் பக்கத்துச் சேரிகளில் இந்த இரண்டு சொல்லையுமே யாரும் புழங்குவதில்லை. வாத்தியார் வேலையிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ வந்தால் அது 'பென்ஷன்'. கூலி வேலை செய்த கிழவிக்கு வந்தால் 'ஓ.ஏ.பி.' இன்னும் பச்சையாக 'அநாதப் பணம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆறு பிள்ளை பெற்று, மூன்றைப் புதைத்து, மூன்றை வளர்த்து ஆளாக்கியவளுக்கு அநாதை என்று பேர் வைத்துத்தான் பணம் கொடுக்க முடியும் என்றால், அந்தப் பணத்தைவிட அந்தப் பேருக்குத்தான் விலை அதிகம்.

உச்சநீதிமன்றம் இந்தச் சொல் வழக்கை ஒருமுறை தீர்த்து வைத்தது. 1982 டிசம்பர் 17 அன்று, நகரா வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது இதுதான்: ஓய்வூதியம் வேலை கொடுத்தவர் மனமிரங்கிப் போடுவதல்ல, செய்து முடித்த வேலைக்காகச் சேர வேண்டிய உரிமை. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாள் என்று சங்கங்கள் மண்டபம் பிடித்து, பொன்னாடை போட்டுக் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். அந்தத் தீர்ப்பு ஏன் நாற்பது வருசமாகியும் அலுவலகப் படியைவிட்டு இறங்கி நடவு வயலுக்கு வந்து சேரவில்லை?

கணக்கைப் பார்ப்போம். 1962-இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 1981-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் வந்தது. அதன் பெயரிலும் மறக்காமல் 'ஆதரவற்ற' என்று சேர்த்தார்கள். 2011-இல் 1,000 ரூபாய். 2023-இல் 1,200 ரூபாய். நடுவில் பன்னிரண்டு வருசம் அந்த ஆயிரம் அசையவில்லை. அந்தப் பன்னிரண்டு வருசத்தில் பருப்பு விலை அசையவில்லையா? எண்ணெய், மாத்திரை விலை அசையவில்லையா? ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறுகிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள். அது நியாயம். ஆனால் வாத்தியாரும் கிழவியும் ஒரே கடையில்தான் பருப்பு வாங்குகிறார்கள். கடைக்காரர் ஓ.ஏ.பி. கிழவிக்குப் பழைய விலை போடுவதில்லை. டெல்லியின் பங்கு இன்னும் வேடிக்கை. 1995-இல் 75 ரூபாய் என்று தொடங்கி, 2007 வாக்கில் 200 ஆக்கினார்கள். அறுபதிலிருந்து எண்பதுக்குள் இருக்கிற கிழவன் கிழவிகளுக்கான அந்த இருநூறைப் பதினைந்து வருசத்துக்கு மேலாக எந்த ஆட்சியும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

இனி 'சுமை' என்கிற பேச்சுக்கு வருவோம். பென்ஷன் அரசாங்கத்தைத் தின்கிறது, இலவசங்கள் மக்களைச் சோம்பேறியாக்குகின்றன என்று பொருளாதார மேதைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த மூச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மாநில அரசு தன்னுடைய ஓய்வுபெற்ற ஊழியர்களுக்காக ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்கிறது. அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளியபோது அவர்கள் போராடியது சரி. ஆனால் சுமை என்று பேசத் தொடங்குகிறவர்களின் கை கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். அது கிழவியின் 1,200 ரூபாயில் போய் நிற்கும். 2013, 2014 வாக்கில் தணிக்கை என்று ஊர் ஊராக வந்து எத்தனையோ பேருடைய பணத்தை நிறுத்தினார்கள். மகன் இருக்கிறான், வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது என்பதெல்லாம் குற்றங்கள்.

இந்தப் பணம் யாரைச் சோம்பேறியாக்குகிறது என்று தெரிந்துகொள்ள, அது வரும் வாரத்தில் கம்மாபுரம் கடைத்தெருவில் ஒரு நாள் நின்றால் போதும். முதல் பங்கு மளிகைக் கடைப் பாக்கிக்குப் போகிறது. அடுத்தது சர்க்கரை மாத்திரை, மூட்டு வலித் தைலம். வெற்றிலை பாக்குக்குக் கொஞ்சம். பேத்தியின் நோட்டுக்குக் கொஞ்சம். மருமகள் குழுவில் வாங்கிய கடனுக்கு ஒரு தவணை. மிச்சமிருந்தால் கோழிக்குஞ்சு, இரண்டு மூன்று மாசம் சேர்ந்தால் வாரத்துக்கு வளர்க்க ஒரு ஆட்டுக்குட்டி. இதில் ஒரு ரூபாய்கூட ஷேர் மார்க்கெட்டுக்குப் போவதில்லை, சென்னைக்கும் போவதில்லை. வந்த பணம் வந்த வாரமே ஊருக்குள் நாலு கை மாறுகிறது. மளிகைக் கடை யாருடையது? மருந்துக் கடை யாருடையது? பெரும்பாலும் ஊர்த்தெருக்காரர்களுடையது. சேரிக் கிழவியின் 'இலவசம்' ஊர்த்தெருவின் கல்லாப்பெட்டியில்தான் விழுகிறது. ஆனாலும் தின்னுகிறவர்கள் நாங்களாம்.

இன்னொன்றும் நடக்கிறது. மாசாமாசம் ஒரு தொகை வரும் என்று தெரிந்ததும் கடைக்காரர் கிழவிக்குக் கணக்கு வைக்கிறார். "ஆயாவுக்குப் பணம் வந்துடும், எழுதிக்க" என்கிறார். வங்கி எங்களை நம்பாத காலத்திலும் அந்த ஆயிரத்துச் சொச்சத்தை நம்பி ஒரு குடும்பம் பத்து நாள் சாப்பிட முடிகிறது. ஆசுபத்திரிச் செலவுக்குக் கந்துவட்டிக்காரனிடம் ஓடுகிற ஓட்டம் ஒரு மாசம் தள்ளிப் போகிறது. பொருளாதாரப் புத்தகத்தில் இதற்குக் கடன் தகுதி என்று பெயர். எங்கள் தெருவில் இதற்கு மானம் என்று பெயர்.

மூன்றாவது விசயம்தான் ஆண்டைகளுக்கு வலிக்கிறது. "கவர்மெண்டு காசு குடுத்து குடுத்து ஒருத்தியும் களை எடுக்க வரமாட்டேங்குறா" என்று டீக்கடையில் உட்கார்ந்து புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்கும் இதே வசைதான் கிடைத்தது. இந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது. முன்பெல்லாம் எழுபது வயசுக் கிழவியை அரைக் கூலிக்குக் கூப்பிட்டு வயலில் இறக்கலாம். "அவளே இதுக்கு வர்றா, ஒனக்கு என்னா கேடு" என்று மருமகளின் கூலியையும் அமுக்கலாம். கிழவி கையில் கொஞ்சம் காசு இருந்தால் அவள் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் மருமகள் கூலி உயர்த்திக் கேட்க முடிகிறது. ஆக, கிழவியின் பணம் கிழவியோடு நிற்பதில்லை. அது வயலில் கூலியை நிர்ணயிக்கிறது. சோம்பேறித்தனம் என்று அவர்கள் திட்டுவது இந்த மறுப்பைத்தான்.

*

மற்ற பென்ஷன் எப்படிப் பயணம் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் அதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைவிட நல்ல பாடம் கிடையாது.

1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றிலிருந்து நிலம் எடுக்கிறார்கள், எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலம் எடுக்க அவர்கள் கையில் இருந்தது 1894-ஆம் வருசத்து வெள்ளைக்காரன் சட்டம். அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பட்டா தெரியும். பட்டாக்காரனின் வயலில் மூன்று தலைமுறையாக ஏர் ஓட்டியவன் தெரியமாட்டான், நாற்று நட்டவள் தெரியமாட்டாள். நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று இந்த நாட்டின் சட்டம் எழுதிக்கொள்ள 2013 வரை ஆனது.

நிலம் இழந்தவர்களின் துயரம் பொய் என்று சொல்லவில்லை. குறைந்த விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வாக்குறுதிகளோடு அலைந்தவர்கள் ஏராளம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் கதிர் வருகிற பயிரில் இயந்திரத்தை இறக்கியபோது தமிழ்நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயிரை நட்ட கைகளைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

சங்கிலியை மட்டும் பாருங்கள். பட்டா இருந்தவனுக்கு இழப்பீடு கேட்க வாய் இருந்தது, வேலை கேட்கவும் வாய் இருந்தது. நிரந்தர வேலை கிடைத்தவனுக்குக் குவார்ட்டர்ஸ், பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன். ஓய்வுபெற்ற பிறகு வடலூரிலோ கடலூரிலோ மனை, மாடி வீடு. மிச்சப் பணம் மறுபடி நிலமாகிறது, இல்லையென்றால் வட்டிக்குப் போகிறது. மனை விலை ஏறுகிறது. ஏறிய விலையில் சேரிக்காரன் இரண்டு சென்ட் வாங்க முடியாமல் போகிறது. நிலம் வேலையாகி, வேலை பென்ஷனாகி, பென்ஷன் மறுபடி நிலமாகிறது. சாதி இப்படித்தான் ஓய்வுபெறாமல் அடுத்த தலைமுறைக்குப் பணிமாற்றம் வாங்கிக்கொள்கிறது.

பட்டா இல்லாதவர்களில் இடஒதுக்கீட்டால் சிலர் நிரந்தர வேலைக்குள் நுழைந்தார்கள். மற்றவர்கள் சேர்ந்த இடம் ஒப்பந்த வேலை. 2010-இலும் 2014-இலும் 2023-இலும் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகத்தான். அவர்களுக்கும் பென்ஷன் உண்டே என்பார்கள். உண்டு. 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதன் சூத்திரம் இப்படி: சம்பளத்தை வேலை செய்த வருசத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் பதினான்கு வருசம் வேலை செய்தவனுக்கு மாதம் 2,000 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று 2014-இல் வைத்தார்கள். பத்து வருசம் பணி முடிக்காவிட்டால் அதுவும் இல்லை. கான்ட்ராக்டர் மாறுவார், பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துக்கொள் என்பார்கள். கல்யாணச் செலவு, சாவுச் செலவு என்று அவனும் எடுத்துவிடுவான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஒரே சுரங்கத்தில் முப்பது வருசம் வேலை செய்தவன் காகிதத்தில் எட்டு வருசக்காரனாக வெளியே வருகிறான்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு எண் இருக்கிறது. அதை நான் மறக்கவே மாட்டேன். வேலை கொடுக்கிறவர் தொழிலாளியின் சம்பளத்தில் 8.33 சதவீதத்தை ஓய்வூதியத்துக்கு ஒதுக்க வேண்டும். 8.33 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு நாள் வேலை வாங்கினால் ஒரு நாள் கூலியை அவன் முதுமைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். வயலுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை.

சரி, வயலுக்கும் போட்டுப் பார்ப்போம்.

எங்க ஆயா பத்து வயசில் வயலில் இறங்கினாள். அறுபது வரைக்கும் நடவு, களை, அறுப்பு, கரும்பு வெட்டு. ஐம்பது வருசம். வருசத்துக்கு நூற்றைம்பது நாள் வேலை கிடைத்தது என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 7,500 நாள். பன்னிரண்டில் ஒரு பங்கு 625 நாள் கூலி. ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று போட்டால் 1,87,500 ரூபாய். இதை மாதம் 1,200 வீதம் கொடுத்தால் 156 மாதம் வரும். பதின்மூன்று வருசம். அறுபதிலிருந்து எழுபத்து மூன்று வயசு வரைக்கும். எங்கள் சேரியில் அந்த வயசைத் தாண்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆக, அவளுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தானம் செய்யவில்லை. அவள் கூலியிலிருந்து ஆண்டை எடுத்து வைத்திருக்க வேண்டியது, வைக்காமல் விட்டது, அதைத்தான் அரசாங்கம் தவணையில் கொடுக்கிறது. ஆண்டை கட்ட வேண்டிய பாக்கியை அரசாங்கம் கட்டுகிறது. இதில் யாருக்கு இலவசம்? கிழவிக்குக் கிடைப்பது அவள் கூலி. தள்ளுபடி கிடைத்தது ஆண்டைக்கு. மானியம் என்று எழுத வேண்டுமென்றால் அவர் பேரில் எழுதுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் அவள் மனு கொடுக்கப் போன அலுவலகத்தில் செல்லவில்லை. "புள்ள இருக்கானா?" என்று கேட்டார் நாற்காலியில் இருந்தவர். "இருக்கான் சாமி, அவனும் கூலிதான்" என்றாள். "அப்ப அவன் போடட்டும் சோறு." கணக்கு முடிந்துவிட்டது. ஓய்வுபெற்ற எந்த அதிகாரியிடமாவது, உன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், உனக்கு எதற்குப் பென்ஷன் என்று யாராவது கேட்டதுண்டா? மகன் என்பவன் அவருக்குப் பெருமை, இவளுக்குத் தகுதியிழப்பு. நாலாவது மனுவில் பணம் வந்தது. வந்த பிறகும் கொண்டுவந்து கொடுக்கிறவர் கைக்கு இருபது ரூபாய் கழிந்துதான் வந்தது. சாகும்வரை அவள் அதைத் தன்னுடைய கூலி என்று சொன்னதில்லை. "கவர்மெண்டு போடுது" என்றுதான் சொன்னாள். இந்த ஒரு வார்த்தைக்குள் நாம் செய்ய வேண்டிய அரசியல் வேலை அத்தனையும் கிடக்கிறது.

*

முதுமைக்கு வருகிற பணம் ஒரு ஒடுக்கப்பட்ட வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1928-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது கறுப்பர்களைச் சேர்க்கவே இல்லை. 1944-இல் சேர்த்தார்கள், ஆனால் வெள்ளையருக்கு ஒரு தொகை, கறுப்பருக்கு அதைவிட மிகக் குறைந்த தொகை. வயிற்றுக்கும் நிறம் உண்டு என்று நம்பிய அரசு அது. நிறவெறி ஆட்சி சரியும் தறுவாயில், 1993-இல்தான் தொகை சமமாக்கப்பட்டது. அதன் விளைவை எஸ்தர் டூஃப்ளோ என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். பாட்டிகள் கைக்குப் பணம் போன வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் கூடியிருந்தன. தாத்தாக்கள் கைக்குப் போன வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. இவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஆயாக்களுக்கு இது பரிசு இல்லாமலே தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன். ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியர். 1894-இல் ஓய்வுபெற்றார். பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு தன் கடைசி மகனைப் படிக்க வைத்தார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் காசு இல்லாதபோது கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைப்பார், பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவார் என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த மகன்தான் பாபாசாகேப் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவி பிறகு வந்தது. அதற்கு முந்தைய படிகளைத் தாங்கியதில் ஒரு மகார் சிப்பாயின் பென்ஷனுக்குப் பங்கு உண்டு.

அதனால்தான் அந்த வழியை அடைத்தார்கள். 1892-இல் வெள்ளை அரசு மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. வீரச் சாதி, வீரமற்ற சாதி என்று அதற்கொரு தத்துவம். 1894-இல் அதை எதிர்த்து மனு எழுதிய கோபால் பாபா வலங்கரும் ஒரு பென்ஷன் சிப்பாய்தான். அவருடைய சாப்பாடு எந்த ஆண்டையின் கையிலும் இல்லை. அதனால் அவர் எழுத முடிந்தது. மாதம் பிறந்தால் கைக்கு வரும் ஒரு சிறு தொகை, யாரிடமும் கும்பிடாமல் வரும் தொகை, ஒரு மனிதனின் முதுகெலும்புக்குள் என்ன செய்யும் என்பதை அது காட்டுகிறது. பின்னாளில் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் முதுமைக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் அதை நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத பகுதியில்தான் எழுத முடிந்தது.

*

கடைசியாகச் சில பேரிடம் நேராகவே பேச வேண்டியிருக்கிறது.

ஓய்வூதியர் சங்கத்துப் பெரியவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே. உங்கள் மாநாட்டுத் தீர்மானங்களில் அகவிலைப்படி இருக்கிறது, மருத்துவப்படி இருக்கிறது, குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. உங்கள் சோற்றுக்கு நெல் நட்டவளின் 1,200 எத்தனையாவது தீர்மானம்? உங்கள் பென்ஷனைச் சுமை என்று பத்திரிகைகள் எழுதும்போது நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். ஏன் தனியாக நிற்கிறீர்கள்? பென்ஷன் எல்லா உழைப்புக்கும் உரியது என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் அதை ஒரு சிலரின் சலுகை என்று மக்களை நம்ப வைப்பது அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது.

நம் ஆட்களில் ஓய்வுபெற்றவர்களே. வாத்தியாராக, கிளார்க்காக, நிரந்தரத் தொழிலாளியாக இருந்து கௌரவமாக வெளியே வந்திருக்கிறீர்கள். உங்கள் மாடி வீட்டைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. சேரியிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போனதற்கு அந்தப் பென்ஷன் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பென்ஷனோடு நீங்களும் டவுனுக்குப் போய்விட்டால், ஊரில் மனு எழுதிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. வலங்கர் பென்ஷனை வாங்கிக்கொண்டு மனு எழுதினார். மாதத்தில் ஒரு நாள் கம்மாபுரத்துக்கு வந்து உட்காருங்கள், போதும்.

கேட்க வேண்டியவை இவை. முதலில் பெயரை மாற்ற வேண்டும். 2023 செப்டம்பரில் பெண்களுக்கு மாதம் ஆயிரம் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தார்கள். வைக்க முடிகிறது அல்லவா? அதே வேகத்தில், முதியோர் பணம் வாங்கும் கிழவிக்கு அந்த உரிமைத்தொகை கிடையாது என்றும் விதி எழுதினார்கள். ஐம்பது வருசம் வயலிலும் வீட்டிலும் உழைத்தவளுக்கு உதவிதான், உரிமை இல்லை. அந்தப் பணத்துக்கு முதுமை ஊதியம் என்று பெயர் வையுங்கள். 'ஆதரவற்ற' என்ற சொல்லை விண்ணப்பத்திலிருந்து அடியுங்கள். மகன் இருக்கிறானா என்று கேட்பதை நிறுத்துங்கள். குறைந்தபட்சக் கூலியில் பாதியைத் தாருங்கள். 2012-இலேயே பென்ஷன் பரிஷத் டெல்லியில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான். விலை ஏறினால் வருசத்துக்கு இரண்டு தடவை ஏற்றுங்கள். பணம் எங்கே என்று கேட்காதீர்கள். எங்கள் மண்ணுக்கடியில் இருந்து எடுத்த கரியில் அறுபது வருசமாக ஊரெல்லாம் விளக்கெரிகிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 2015-இல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். பட்டா இல்லாத கிழவியும் பாதிக்கப்பட்டவள்தான் என்று அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்த டிசம்பர் 17 அன்று ஓய்வூதியர் நாள் விழாவுக்குக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து நடவு நட்ட பத்துக் கிழவிகளை அழையுங்கள். பயனாளி என்று அழைக்க வேண்டாம், ஓய்வூதியர் என்று அழையுங்கள். பொன்னாடை வேண்டாம், உங்கள் வரிசையில் நாற்காலி போடுங்கள். அந்த நாற்காலியைப் போட மனம் வரவில்லை என்றால், நகரா தீர்ப்பை மேடையில் வாசிக்காதீர்கள். அதில் எழுதியிருப்பது எங்கள் ஆயாவின் வழக்கும்தான்.